சமாதானம், சமரசம், ராஜி: மூன்றும் ஒன்றா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கு வசதியாக இருக்கும். கேள்வி கேட்டவர் குடும்பத்துக்குப் பூர்வீக வீடும் கொஞ்சம் நிலமும் இருக்கிறது, அதற்குப் பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது. பெரியப்பா "சமாதானமாப் போயிடலாம்" என்று ஆள் விட்டிருக்கிறார். வக்கீல் "சமரசத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்" என்கிறார். அப்பா மட்டும் "ராஜியாப் போனா தோத்த மாதிரி, நான் வர மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். மூன்றுக்கும் ஒரே அர்த்தம்தானா, ஒரே அர்த்தம் என்றால் அப்பாவுக்கு அந்த ஒரு சொல் மட்டும் ஏன் கசக்கிறது, இதில் நல்ல தமிழ் எது?

ஒரே அர்த்தம் இல்லை. அகராதியைப் புரட்டினால் சமாதானத்துக்குச் சமரசம் என்றும் சமரசத்துக்குச் சமாதானம் என்றும் போட்டுச் சுற்றவிட்டிருப்பார்கள், அதைப் பார்த்துத்தான் பலர் குழம்புகிறார்கள். நான் சொல்வது: சொல்லைத் தனியாக வைத்துப் பார்க்காமல் அதோடு எந்த வினை வந்து ஒட்டுகிறது என்று கவனியுங்கள். யார் விட்டுக்கொடுக்கிறார்கள், யார் நடுவில் நிற்கிறார்கள், எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்பதெல்லாம் அந்த வினையில்தான் தெரியும்.

முதலில் சமாதானம். நம் ஊரில் பல வேலைகளைச் செய்கிற சொல் இது. "சமாதானம் பேசினார்" என்றால் அவர் சண்டைக்காரர் இல்லை, நடுவில் போனவர். "சமாதானம் ஆனார்கள்" என்றால் சண்டைக்காரர்களேதான். "சமாதானப்படுத்தினாள்" என்பதற்குச் சண்டையே தேவையில்லை, அழுகிற குழந்தை ஒன்று போதும், இல்லை பரீட்சையில் மார்க் குறைந்து சாப்பிடாமல் படுத்திருக்கும் பிள்ளை போதும். "சமாதானம் சொன்னான்" என்றால் கேட்ட கேள்விக்கு ஏதோ விளக்கம் சொல்லி ஒப்பேற்றினான், அது எடுபடவில்லை என்றால் "நொண்டிச் சமாதானம்". "எவ்வளவு சொல்லியும் மனசு சமாதானம் ஆகலை" என்று அம்மா சொன்னால் அவருக்கு யாரோடும் பகை கிடையாது, உள்ளுக்குள் ஏதோ உறுத்துகிறது. கடைசியாக, "சமாதானமாப் போங்க". காவல் நிலையத்திலும் ஊர்க்கூட்டத்திலும் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியம். இதில் கனமெல்லாம் "போ" என்பதில் இருக்கிறது: கேஸ், கோர்ட் என்று இழுக்காதே, இதோடு விட்டுவிட்டுப் போ என்பதுதான் சேதி. உங்கள் பெரியப்பா சொல்லியனுப்பியது இந்தக் கடைசி வகை. யார் எதை விட வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்று இந்த வாக்கியத்தில் ஒரு வார்த்தையும் இருக்காது. அதனால்தான் இதைச் சொல்வது சுலபம், பல குடும்பங்களில் இதை முதலில் சொல்பவர் சொத்தைக் கையில் வைத்து அனுபவிப்பவராகவும் இருப்பார். உங்கள் வீட்டில் அப்படியா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் ஊகிக்கப் போவதில்லை.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "சமம் + தானம், சரிபாதியாகக் கொடுப்பதே சமாதானம்" என்று ஒரு விளக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "சாமம் + தானம், சாம தான பேத தண்டத்தின் முதல் இரண்டு" என்று இன்னொன்று. கேட்க அழகாக இருக்கிறது, இரண்டும் தவறு. வடமொழியில் "வைத்தல்" என்று பொருள்படும் "தா" என்ற வேர், முன்னால் "சம்", "ஆ" என்று இரண்டு ஒட்டு, ஆக மொத்தம் "ஒன்றாகச் சேர்த்து வைத்தல்". சமாதி என்ற சொல்லும் அதே குடும்பம்தான். வேதாந்தம் படிப்பவர்களுக்குத் தெரியும், சமம், தமம், உபரதி, திதிட்சை, சமாதானம், சிரத்தை என்று ஆறு சொல்வார்கள், அந்தப் பட்டியலில் சமாதானம் என்றால் மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது, அங்கே எதிராளி என்று ஒருவரே கிடையாது. அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. தெலுங்கில் சமாதானம் என்றால் பதில், பள்ளிக்கூடக் கேள்வித்தாளுக்கு எழுதுவதே சமாதானம்தான். இந்தியில் தீர்வு. மராத்தியில் மனநிறைவு. மலையாளத்தில் நம்மைப் போலவே அமைதி. நாம் "சமாதானம் சொல்லாதே" என்று திட்டும்போது தெலுங்குக்காரர் அர்த்தத்தை எடுத்துக்கொள்கிறோம், "மனசு சமாதானம் ஆகலை" என்னும்போது மராத்திக்காரர் அர்த்தத்தை எடுத்துக்கொள்கிறோம், இதெல்லாம் ஒரே மொழிக்குள் எந்தச் சண்டையும் இல்லாமல் நடக்கிறது.

இந்தச் சொல்லுக்கு ஒரு கனம் வந்ததில் கிறிஸ்தவத் தமிழுக்குப் பெரிய பங்கு உண்டு. "சமாதானம்பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்" என்பது மலைப்பிரசங்கத்தில் வரும் வசனம், சீர்திருத்த சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் இப்படித்தான் இருக்கும். ஏசாயாவில் "சமாதானப்பிரபு". கத்தோலிக்கர்களும் மற்றவர்களும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் அதே மலைப்பிரசங்க வசனம் "அமைதி ஏற்படுத்துவோர் பேறுபெற்றோர்" என்று மாறிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். "சமாதானம்பண்ணு" என்று நேராகச் சொல்ல முடிகிறது, "அமைதி பண்ணு" என்று சொல்ல முடியவில்லை, "ஏற்படுத்து" என்று ஒரு முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. "அமைதிப்படுத்து" என்று போட்டாலோ கூச்சலை அடக்குவது என்று ஆகிவிடும். அமைதி நல்ல தமிழ்தான், மறுக்கவில்லை, ஆனால் அது ஒரு நிலையைச் சொல்லும் சொல், இரண்டு பேருக்கு இடையில் நடக்கும் காரியத்தைச் சொல்ல அதற்குக் கை போதாது. முஸ்லிம் வீடுகளிலும் ஸலாமைத் தமிழில் விளக்கும்போது "சாந்தியும் சமாதானமும் உண்டாகட்டும்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள்.

ஈழத்தில் இந்தச் சொல்லின் கதை வேறு. 1987இல் இந்தியா அனுப்பிய படைக்குப் பெயர் அமைதிப்படை, அது 1990 வரை அங்கே என்ன செய்தது என்று அந்த மக்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் சந்திரிகா அரசாங்கம் தான் நடத்திய யுத்தத்துக்கே "சமாதானத்துக்கான யுத்தம்" என்று பெயர் வைத்தது. 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானதற்குப் பிறகு கொழும்பில் அரசுக்கு ஒரு சமாதானச் செயலகம், கிளிநொச்சியில் புலிகளுக்கு ஒரு சமாதானச் செயலகம். எல்லாம் முடிந்தபின் 2010இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவின் பெயரில் "நல்லிணக்கம்" வந்தது: கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு. யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ இருந்து வந்த ஒருவரிடம் "சமாதானம்", "நல்லிணக்கம்" என்று நீங்கள் சாதாரணமாகப் பேசும்போது அவர் முகம் சற்று மாறினால் ஆச்சரியப்படாதீர்கள். நாம் மலைப்பிரசங்கத்தில் கேட்ட சொல்லை அவர்கள் வானொலிச் செய்தியில் கேட்டு வளர்ந்தவர்கள்.

சரி, சமரசம். இதற்கு மூலத்தில் சண்டை, வழக்கு, பேரம் எதுவும் கிடையாது. சமம், ரசம்: ஒரே சுவையாக இருத்தல். தாயுமானவர் சித்தர்களைப் பாடும்போது "வேதாந்த சித்தாந்த சமரசநன்னிலை பெற்ற வித்தகச் சித்தர்கணமே" என்கிறார். அங்கே வேதாந்தி கொஞ்சம் விட்டுக்கொடுத்து சித்தாந்தி கொஞ்சம் விட்டுக்கொடுத்து நடுவில் சந்தித்தார்கள் என்று அர்த்தம் இல்லை, இரண்டும் ஒன்றுதான் என்று தெரிகிற இடத்தில் நின்றார்கள் என்று அர்த்தம். வள்ளலார் 1865இல் சங்கம் தொடங்கியபோதும் பெயரில் சமரசம் இருந்தது, 1872இல் பெயரை மாற்றி "சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்" ஆக்கியபோதும் முதல் சொல்லாகச் சமரசமே நின்றது. சாதி, சமயம் என்ற பேதமே இல்லாத நிலை என்பது அவர் கணக்கு. இவ்வளவு உயரத்தில் இருந்த சொல் இன்றைக்கு ஓட்டல் பலகையில் "தரத்தில் சமரசம் இல்லை" என்று தொங்குகிறது, மேடையில் "கொள்கையில் சமரசத்துக்கு இடமே இல்லை" என்று கைதட்டு வாங்குகிறது. "காம்ப்ரமைஸ்" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல்லாக இதை ஆக்கிய பிறகு அந்த ஆங்கிலச் சொல்லின் கறையும் இதில் வந்து ஒட்டிக்கொண்டது. வள்ளலார் பக்தர் ஒருவர் "நாங்கள் சமரசவாதிகள்" என்று பெருமையாகச் சொல்வதும், கட்சிக்காரர் ஒருவர் இன்னொருவரைச் "சமரசவாதி" என்று வைவதும் ஒரே மாவட்டத்தில் ஒரே நாளில் நடக்கலாம். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஆனால் சொற்கள் நம்மைக் கேட்டுக்கொண்டு மாறுவதில்லை.

உங்கள் வக்கீல் சொன்ன சமரசம் மூன்றாவது ஒன்று, நீதிமன்றத் தமிழில் அதற்குத் திட்டமான பொருள் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஏப்ரலில் சமரச மையம் தொடங்கினார்கள், நீதிமன்றத்தோடு இணைந்த மையம் என்ற வகையில் நாட்டிலேயே அது முன்னோடி. அப்புறம் மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது, நீதிமன்ற வளாகத்தில் "சமரசத் தீர்வு மையம்" என்று பலகை பார்த்திருப்பீர்கள். உரிமையியல், அதாவது சிவில், நடைமுறைச் சட்டத்தின் 89ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை, 2002 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. அங்கே உட்காரும் சமரசர் பெரும்பாலும் பயிற்சி பெற்ற வக்கீலாக இருப்பார், ஆனால் அவர் யாருக்கும் வக்கீல் இல்லை, நீதிபதியும் இல்லை. இரண்டு தரப்பையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவார், பிறகு தனித்தனியாகவும் பேசுவார். இவ்வளவு கொடு, அவ்வளவு வாங்கு என்று உத்தரவு போட அவருக்கு அதிகாரம் கிடையாது. அங்கே பேசியதை வெளியே கொண்டுவந்து வழக்கில் சாட்சியமாகக் காட்ட முடியாது. உங்கள் அப்பாவிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்: அந்த அறைக்குள் போய் "கிணற்றுப் பக்கத்து நிலத்தை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கிறேன்" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டால், பேச்சு முறிந்த பிறகு அதை வைத்து அவரை மடக்க முடியாது. ஒத்துவரவில்லையா, எழுந்து வந்துவிடலாம், வழக்கு விட்ட இடத்திலிருந்து நடக்கும்.

மக்கள் நீதிமன்றம் என்பது இதற்குப் பக்கத்து வீடு, அதே வீடு இல்லை. அது 1987ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி நடப்பது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் அங்கேயும் தீர்வு, ஆனால் தீர்வு எழுதப்பட்டுவிட்டால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பாகப்பிரிவினை மாதிரி உறவும் சொத்தும் பின்னிக்கிடக்கிற விஷயத்தை அங்கே அவசரமாக முடிப்பதைவிட, சமரச மையத்தில் மூன்று நான்கு அமர்வு உட்கார்ந்து பேசுவது மேல் என்பது என் அபிப்பிராயம்.

இனி அப்பாவுக்குக் கசக்கும் ராஜி. அரபியில் "திருப்தியடைந்த, சம்மதமான" என்று பொருள்படும் சொல், பாரசீகம் வழியாக, உருது வழியாக, நவாப் காலத்துக் கச்சேரி (அரசு அலுவலகம்) வழியாக நமக்கு வந்தது. ரஸியா என்ற பெண் பெயரும் இதே வேர்தான். தமிழ் முஸ்லிம்கள் இந்த வேருக்கு ஓர் அருமையான தமிழ்ச் சொல் வைத்திருக்கிறார்கள்: பொருத்தம். "அல்லாஹ்வின் பொருத்தம்" என்பார்கள், நபித்தோழர்கள் பெயரைச் சொன்னால் "அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக" என்பார்கள். அதே "பொருந்து" பழைய கிறிஸ்தவ மொழிபெயர்ப்பிலும் வருவதைப் பாருங்கள். நியாயாதிபதியிடம் போவதற்கு முன்னால், எதிராளியோடு வழியில் இருக்கும்போதே சீக்கிரமாய் "நல்மனம் பொருந்து" என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கும். கோர்ட் வாசலை மிதிப்பதற்கு முன்னால் பேசி முடி என்பதை இதைவிட அழகாகச் சொன்ன தமிழை நான் பார்த்ததில்லை.

ஆக ராஜியில் தோல்வி என்ற பொருள் மூலத்தில் துளியும் இல்லை. பின் கசப்பு எங்கிருந்து வந்தது? இரண்டு இடத்திலிருந்து என்று நினைக்கிறேன். ஒன்று, குற்ற வழக்கு. அடிதடி, அவதூறு, அத்துமீறி நுழைதல் மாதிரியான சில குற்றங்களை மட்டும் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் முடித்துக்கொள்ளலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 320ஆவது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 359. அப்படி முடித்துக்கொண்டால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அது விடுதலைதான். ஊரில் இதைத்தான் "கேஸை ராஜி பண்ணிட்டாங்க" என்பார்கள், கூடவே "எவ்வளவு கைமாறுச்சோ" என்று ஒரு வாக்கியமும் வரும். அடிவாங்கினவன் கையெழுத்துப் போட்டுவிட்டு வர, அடித்தவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போவதைப் பார்த்த தலைமுறைக்கு ராஜி என்றால் ஒருத்தன் மட்டும் குனிந்தது என்றுதான் மனதில் பதியும். உங்கள் அப்பா வயதுக்காரர்கள் நிறையப் பேரிடம் இதைக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று ராஜினாமா. ராஜி + நாமா, அதாவது சம்மதப் பத்திரம், இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்த தாள். பழைய சென்னை மாகாணத்து வழக்குகளில் ராஜிநாமா என்றால் இதுதான், அதை வைத்துக் கொடுக்கும் தீர்ப்பை ராஜிநாமா டிகிரி என்றே எழுதினார்கள். மேற்கே பம்பாய்ப் பக்கம் விவசாயி தன் பேரில் உள்ள நிலத்தை வேண்டாம் என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுப்பதற்கும் அதே பெயர். "ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுப்பது" மெதுவாக "விட்டுவிட்டு எழுதிக் கொடுப்பது" ஆகி, இன்றைக்கு ராஜினாமா என்றால் மந்திரி பதவியைவிட்டுப் போவது, வேலையைவிட்டுப் போவது. வெளியேறுகிற வாடை அதில் ஏறிவிட்டது, அதன் தம்பியான ராஜிக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. ஆனால் பேச்சில் இதன் நல்ல பக்கமும் உயிரோடு இருக்கிறது. "நேத்து வரைக்கும் மூஞ்சி பார்க்காம இருந்தாங்க, இன்னிக்கு ராசியாயிட்டாங்க" என்று சொல்வதில் தோற்றவர் யாரும் இல்லை. எழுத்தில் ஜி, பேச்சில் சி, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ராசிக்கும் ஜாதகத்து ராசிக்கும், "ராசியான கை" என்பதற்கும் சம்பந்தம் கிடையாது.

நல்ல தமிழ் எது என்று கேட்டீர்கள். மூன்றுமே வெளியிலிருந்து வந்தவை, மூன்றையுமே தமிழ் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு பல காலம் ஆகிவிட்டது. பழைய தமிழ் வேண்டும் என்றால் நிறைய இருக்கிறது, ஆனால் எடுத்து அப்படியே பயன்படுத்த முடியாது. "சந்து செய்தல்" என்று உரையாசிரியர்கள் எழுதுவார்கள், இரண்டு அரசர்களைச் சேர்த்துவைப்பது என்று பொருள். அதுவும் வடமொழிச் சந்திதான். இன்று "சந்து செய்தேன்" என்றால் எந்தத் தெருவில் என்று கேட்பார்கள். குறளில் "உணர்தல்" என்ற சொல் ஊடலைத் தீர்த்துக்கொள்வது என்ற பொருளில் வருகிறது, பலருக்கு இது தெரியாது. "ஊடல் உணர்தல் புணர்தல்" என்று 1109ஆம் குறளில் வரிசையாகச் சொல்லும்போது நடுவில் நிற்பது அதுதான். 1304இல் "ஊடியவரை உணராமை வாடிய வள்ளி முதலரிந் தற்று", அதாவது கோபித்துக்கொண்டிருப்பவரைத் தேற்றிச் சேர்த்துக்கொள்ளாமல் விடுவது, ஏற்கெனவே வாடிக்கிடக்கும் கொடியை அடியோடு அறுப்பது மாதிரி. உணர்தல் என்றால் அறிவது என்று மட்டும் நினைத்து இந்தக் குறளைப் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

ஒப்புரவு இன்னொரு சுவாரசியமான சொல். குறளில் 22ஆவது அதிகாரம் ஒப்புரவறிதல், அங்கே ஊரோடு ஒத்து, இருப்பதைப் பகிர்ந்து வாழ்வது. கிறிஸ்தவத் தமிழ் அதை எடுத்து "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து" என்று பிணக்குத் தீர்ப்பதற்கு வைத்துக்கொண்டது. கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனத்தையே இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். சட்டத் தமிழுக்கு இது பொருந்துமா என்று யாராவது முயன்று பார்க்கலாம், எனக்குப் பிடித்த சொல், ஆனால் வளாகத்துப் பலகையில் சமரசம் என்று எழுதியிருக்கும்போது மனுவில் நீங்கள் மட்டும் ஒப்புரவு என்று எழுதினால் குமாஸ்தா திருப்பித்தான் தருவார்.

ஆனால் ஒன்று. பழைய இலக்கியத்தில் எனக்குப் பிடித்த சமாதானப் பேச்சில் இந்தச் சொற்களில் ஒன்றுகூட இல்லை. புறநானூறு 45. உறையூரை நலங்கிள்ளி முற்றுகையிட்டு வெளியே நிற்கிறான், உள்ளே நெடுங்கிள்ளி கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான், இருவரும் சோழர், ஒரே குடும்பம். கோவூர்கிழார் நடுவில் போய் நின்று, எதிரே நிற்பவன் பனந்தோடு சூடியவன் இல்லை, வேப்பமாலை சூடியவனும் இல்லை என்கிறார், அதாவது சேரனும் இல்லை, பாண்டியனும் இல்லை. உன் தலையிலும் ஆத்தி, உன்னோடு சண்டைக்கு நிற்பவன் தலையிலும் ஆத்தி. "ஒருவீர் தோற்பினும் தோற்பநும் குடியே, இருவீர் வேறல் இயற்கையும் அன்றே." உங்களில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடும்பம், இரண்டு பேரும் ஜெயிப்பது நடக்கிற காரியமும் இல்லை. கடைசியில், இந்தச் சண்டையைப் பார்த்து உங்களைப் போன்ற மற்ற வேந்தர்களுக்கு உடம்பெல்லாம் பூரிக்கும் என்று ஒரு குத்து. விட்டுக்கொடு என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, யார் பக்கம் நியாயம் என்றும் பேசவில்லை. பாகப்பிரிவினை வழக்கு நடக்கும் வீட்டில் இந்தப் பாட்டைப் படித்தால் யாருக்கும் உரை தேவைப்படாது.

வீட்டுப் பேச்சில் நாம் உண்மையில் பயன்படுத்துவது இன்னும் எளிமையானது. பிள்ளைகள் காய் விடுவார்கள், பழம் விடுவார்கள். பெரியவர்கள் "பேச்சுவார்த்தை இல்லை", "நல்லது கெட்டதுக்குக்கூடப் போறதில்லை" என்பார்கள், சேர்ந்த பிறகு "பேசிக்கிட்டாங்க", "கூடிக்கிட்டாங்க" என்பார்கள். எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம் கை நனைப்பது. பஞ்சாயத்து முடிந்து எல்லோரும் சரி என்று தலையாட்டிய பிறகும், அந்த வீட்டில் இலை போட்டு உட்கார்ந்து கை நனைத்தார்களா என்றுதான் ஊர் பார்க்கும். காப்பித் தண்ணிகூடக் குடிக்காமல் எழுந்து போனால், கையெழுத்துப் போட்டிருந்தாலும் சமாதானம் ஆகவில்லை என்றுதான் கணக்கு. சட்டத்துக்கு இது நேர் எதிர். பத்து முறை விருந்து சாப்பிட்டிருந்தாலும் நடக்கிற வழக்கில் எழுத்தில் இல்லாத சமாதானம் நிற்காது.

அதனால் உங்கள் விஷயத்துக்கு வந்தால், பெரியப்பாவின் சமாதானம் இன்னும் வெறும் பேச்சு, அதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம், "எந்தெந்தச் சர்வே எண் யாருக்கு" என்று திருப்பிக் கேளுங்கள். வக்கீலின் சமரசத்துக்கு அப்பாவை அழைத்துப் போங்கள், போனதால் எதுவும் போகாது. ராஜி என்ற சொல்லை வீட்டில் எடுக்கவே எடுக்காதீர்கள், பாகம் பிரித்துக்கொள்வது என்று மட்டும் சொல்லுங்கள், அப்பா கேட்பது அவர் பங்கைத்தானே. பேச்சு படிந்துவிட்டால் அது எழுத்தில் வந்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும், நடைமுறைச் சட்டத்தில் 23ஆவது ஆணை, 3ஆவது விதி என்று வக்கீல் சொல்வார். அதன்படி தீர்ப்பாணை ஆன பிறகு அது செல்லாது என்று தனியாகப் புதிதாக ஒரு வழக்குப் போட முடியாது, ஆகவே கையெழுத்துக்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் அப்பாவே படிக்கட்டும், கண் தெரியவில்லை என்றால் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். வழக்கில் இல்லாத நிலம் ஏதாவது அந்த உடன்பாட்டுக்குள் வந்தால் அதைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். கட்டிய நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம், மையத்துக்குப் போகாமல் வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் அது கிடைக்கும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, இதைப் பல பேர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அப்புறம், கேள்வியில் நீங்கள் அப்பாவையும் பெரியப்பாவையும் மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். அத்தை யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டா என்பதை வக்கீலிடம் முதலிலேயே கேளுங்கள். பங்கு உள்ள ஒருவர் கையெழுத்து விட்டுப்போனாலும் அண்ணன் தம்பி சமாதானம் ஆன மறுவருடமே அடுத்த வழக்கு நம்பர் ஆகிவிடும்.